வெற்றிலைக் கறை படிந்த சளிக்கிண்ணம்

காவேரி எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1938-ஆம் வருஷம் ஜூன் மாதம் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள், டாக்டர்களுக்குப் பாடம் நடக்கும் அறையில் தனக்கென்று ஒரு முக்காலியை ஜெயித்தாள். அதற்கு முன் அந்த அறைக்குள் துடைப்பத்தோடு மட்டுமே போயிருக்கிறாள். பிள்ளைகள் வார்டில் தாய்மாரும் கூடவே தங்கலாம் என்ற விதியை ஜெயித்தாள். நெஞ்சில் சளி தேங்கி வருஷக்கணக்காக ஆறாத பிள்ளைகளை எப்படிக் கிடத்த வேண்டும், எப்படித் தட்ட வேண்டும் என்று 1947 வரை நாற்பத்து மூன்று டாக்டர்களுக்குச் செய்து காட்டினாள். அவர்களில் ஏழு பேர் அவளை ‘நீங்க’ என்றே கூப்பிட்டார்கள். பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்குக் கொடுக்கிற அச்சுக் காகிதத்தில் முதல் கேள்வி இப்படி இருக்கும்: ‘இன்று காலை பிள்ளைக்கு என்ன செய்தாய் என்று தாயிடம் கேட்டீரா?’ அந்தக் கேள்வி காவேரியால் வந்தது. அது வந்த விதத்தில் எல்லாமே பெருமையானது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்வதே முறை.

காவேரி ஏரியூர்ப் பக்கத்துக்காரி. கேழ்வரகும் பத்துப் பதினைந்து ஆடும் உள்ள குடும்பம். புருஷன் சென்னப்பன் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவன், இருமலோடு திரும்பி வந்து 1936 பிப்ரவரியில் இறந்தான். அதே வருஷம் மகள் குள்ளம்மாளுக்குக் கக்குவான் வந்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது. கக்குவான் போயிற்று, இருமல் போகவில்லை. விடிந்து எழுந்தால் பிள்ளையின் வாயில் அழுகல் நாற்றம் அடிக்கும். பெரியவர்கள் சொன்னார்களென்று நெஞ்சில் நான்கு இடத்தில் சூடு போட்டார்கள். சூட்டுப் புண் ஆறியதே தவிர, சளி ஆறவில்லை. அப்பன் நோய் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. க்ஷயம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியில் காவேரியின் குடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேறு குடம் உட்காராது.

“என்ன காவேரி, புள்ளைக்கு இன்னும் அப்படியேதான் இருக்குதா?” என்று யாராவது கேட்டால், “பனி ஒத்துக்கலக்கா, அவ்ளோதான்” என்பாள். கேட்டவள் போன பிறகு, அவள் எதற்காகக் கேட்டாள் என்று பொழுதெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பாள். ஊர் நினைத்ததைத்தான் அவளும் உள்ளுக்குள் நினைத்தாள். அதை ஊருக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

ஒருநாள் பென்னாகரம் சந்தைக்குப் போகிற வழியில் குள்ளம்மாள் நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். காவேரி அவளைத் தூக்கித் தோளில் மூட்டைபோலப் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் தலை பின்பக்கம் தொங்கியது. இரண்டு பர்லாங்கு தாண்டுவதற்குள் முதுகெல்லாம் சளி. திட்டிக்கொண்டே சேலையை அலசினாள். ஆனால் அன்று பிள்ளை விடியும்வரை ஒரு தடவைகூட இருமாமல் தூங்கியதைக் கவனித்தாள். மறுநாள் அரை மூட்டைக் கேழ்வரகின்மேல் பிள்ளையைக் கிடத்தி, தலையைத் தாழத் தொங்கவிட்டு, முதுகைத் தட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் மேலே இருக்கும்படி கிடத்தினால் ஒரு கை நிறைய வருகிறது, வலப்பக்கம் மேலே இருந்தால் ஒன்றும் வருவதில்லை. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காவேரியின் அண்ணன் பச்சியப்பன் கப்பி ரோட்டு மேஸ்திரி. ஐந்தாவது வரை படித்தவன். தர்மபுரியில், டாக்டர் ஜானகியம்மாள் நடத்திய இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோடு போட்டபோது, அங்கே கூட்டிப் பெருக்க ஆள் தேடுவது தெரிந்து தங்கையைக் கொண்டுவந்து சேர்த்தான். சம்பளத்தோடு, விறகுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறையும் கிடைத்தது. வந்த மூன்றாம் நாளே ஜானகியம்மாள் குள்ளம்மாளின் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனிகள் உருண்டு வீங்கி, நகம் கவிழ்ந்து இருந்தன.

“இது எத்தனை நாளா இப்படி?”

“எங்க வம்சத்துக்கே வெரல் அப்படித்தானுங்க டாக்டரம்மா” என்றாள் காவேரி. ஜானகியம்மாள் அவளுடைய விரலையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் காவேரியைப் பயமுறுத்தியது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மாதமே கம்பைநல்லூரிலிருந்து ஒரு தாய் இருமுகிற பையனைக் கொண்டுவந்தாள். கிண்ணத்தில் அவன் சளியைப் பிடித்து, கண்ணாடித் தகட்டில் தடவி, பூதக்கண்ணாடி யந்திரத்தில் வைத்துப் பார்த்து, ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் எழுதினார்கள். இரண்டாம் நாள் காலையில் பையனை மொரப்பூர் ரயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கேயோ ஒரு க்ஷய ஆஸ்பத்திரி, தாயை உள்ளே விடமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தாய், பையனுக்குப் போர்த்தியிருந்த துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அந்தக் காகிதத்தில் என்னதான் எழுதியிருந்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது, காவேரிக்கும் தெரியாது.

அன்றிலிருந்து காவேரி விடியும் முன் எழுந்து, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் குள்ளம்மாளைத் தலைகீழாகக் கிடத்திச் சளியெல்லாம் எடுத்துவிடுவாள். மண்ணைப் போட்டு மூடுவாள். உப்புத் தண்ணீரில் பிள்ளையின் வாயைக் கழுவி, தலைவாரி, மை வைத்து வெளியே விடுவாள். டாக்டர்கள் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்கிற நேரத்தில் பிள்ளையின் நெஞ்சில் சத்தம் இருக்காது.

1939 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, திங்கட்கிழமை, டாக்டர் பயிற்சி தொடங்கியது. சுற்றுவட்டார டிஸ்பென்சரிகளிலிருந்து ஆறு டாக்டர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தீராமல் இருக்கிற நெஞ்சு நோய்களில் எது க்ஷயம், எது இல்லை, தீராததை வைத்துக்கொண்டு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று பன்னிரண்டு நாள் பாடம். ஜானகியம்மாள் அவர்களுக்கு ஒரு விடுகதை போட்டார். குள்ளம்மாளை நிறுத்தி, “விரலைப் பாருங்க, நெஞ்சைக் கேளுங்க, எழுதுங்க” என்றார். புதன்கிழமை காலை ஆறு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். ஆறு பேரும் ‘நெஞ்சு சுத்தம்’ என்று எழுதினார்கள். காவேரி கதவோரத்தில் ஒரே இடத்தைப் பத்துத் தடவை கூட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறு பேரில் டாக்டர் கிருஷ்ணப்பனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. முப்பது வயசு, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற ஆள். “விரல் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யி” என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது காவேரியை.

“சளி எடுத்துப் பார்த்துடலாம்” என்றார் ஜானகியம்மாள். பிள்ளைகள் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும், ஆகவே விடியற்காலையில் தாய்தான் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, வியாழக்கிழமை சாயந்திரம் காவேரியின் கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்தார்.

காவேரி அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கம்பைநல்லூர்ப் பையன் கண்முன் வந்தான். வெள்ளிக்கிழமை காலை மூன்று தடவை வாய் கொப்பளித்தாள். இருமி இருமித் தன் எச்சிலையே கிண்ணத்தில் துப்பி, மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் கிருஷ்ணப்பன் கிண்ணத்தோடு வார்டுக்கு வந்தார்.

“ஏம்மா, இது யாரோட சளி?”

“புள்ளையதுங்க.”

“புள்ளைக்கு என்ன வயசு?”

“ஆறுங்க ஐயா.”

“ஆறு வயசுப் புள்ள வெத்தலை போடுமா?”

காவேரி வாயை இறுக மூடிக்கொண்டாள். கிண்ணத்தின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருந்தது. வெற்றிலைச் சாறு, மூன்று தடவை கொப்பளித்தும் போகாதது.

அங்கே ஒரு காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த குள்ளம்மாள் தாயைக் காப்பாற்றலாம் என்று நினைத்திருக்க வேண்டும். “போடுவேனே! ஆனா எங்கம்மா எனக்குப் பாக்கு மட்டுந்தான் தரும், அதுவும் கல்யாணத்து வூட்டுல” என்றாள். வார்டில் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த தாய்மாரெல்லாம் சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை.

ஜானகியம்மாள் காவேரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏன் இப்படிச் செஞ்ச?”

“நெசத்தக் குடுத்தா என்ன எழுதுவீங்க?”

“கண்ணுல பட்டதை எழுதுவேன்.”

“க்ஷயம்னு பட்டா?”

“அனுப்பித்தான் ஆகணும். வார்டுல மத்தப் புள்ளைங்க இருக்குதில்ல?”

“நானும் கூடப் போலாமுங்களா?”

“தாயை அங்க வுட மாட்டாங்க, காவேரி.”

“அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள் காவேரி. குரல் ஏறியது. “குடுக்க மாட்டேன். எம்புள்ள எங்கிட்டயே இருக்கட்டும். செத்தாலும் எம் மடியில சாவட்டும்.”

ஜானகியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “க்ஷயம் இல்லேன்னா?” என்று கேட்டார்.

காவேரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஏமாற்றிச் சளியைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று முதலில் தோன்றியது. பகலெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஏமாற்றுகிறவர் ‘அனுப்பித்தான் ஆகணும்’ என்று முன்கூட்டிச் சொல்லியிருக்கமாட்டார் என்று சாயந்திரம் ஒரு முடிவுக்கு வந்தாள். சனிக்கிழமை விடியலில் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நிஜமான சளியைக் கிண்ணத்தில் பிடித்தாள். அரைக் கிண்ணம், மஞ்சளும் பச்சையுமாக.

ஜானகியம்மாளும் கிருஷ்ணப்பனும் யந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். க்ஷயக் கிருமி ஒன்றும் இல்லை.

காவேரி கையெடுத்துக் கும்பிடப் போனாள். கிருஷ்ணப்பன் தடுத்தார். “இரும்மா. இது அந்தப் புள்ளையோட சளிதான்னு என்ன அத்தாட்சி? நேத்து உன் எச்சிலைக் குடுத்த. இன்னிக்கு வேற படுக்கைப் புள்ளையோடதைக் குடுத்திருக்கலாம். கிண்ணமெல்லாம் உன் கைவழியாத்தானே போவுது?”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “நான் பொய்யி செஞ்சப்ப ஆறு பேரும் நெஞ்சு சுத்தம்னு எழுதுனீங்க. நெசத்தக் கொண்டாந்தா நம்ப மாட்டீங்களா?”

“அதனாலதான் நம்ப மாட்டேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாக ஏங்கிய சேதி வந்துவிட்டது. அவளுடைய ஒரு வாய் எச்சில் அதைச் செல்லாததாக ஆக்கிவிட்டது. சந்தேகம் தீராவிட்டால் பிள்ளையை ரயிலேற்றிவிடுவார்களோ என்ற பயம் திரும்பி வந்தது. ஜானகியம்மாள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “மூணு நாள், எல்லார் கண்ணு முன்னாலயும் எடுக்கட்டும்” என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறு டாக்டர்களும் பாட அறையில் வட்டமாக நின்றார்கள். பிள்ளையின் தலை தாழ இருக்க வேண்டும் என்று காவேரி சொன்னதற்கு, கட்டிலின் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால் போதும் என்று புத்தகத்தில் இருப்பதாகக் கிருஷ்ணப்பன் சொன்னார். “புள்ள வழுக்கிக்கிட்டு வந்து தலையால முட்டிக்கும் ஐயா” என்றாள் காவேரி. சமையல்கட்டிலிருந்து அரை மூட்டைக் கேழ்வரகை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

“காலைல ஏதாச்சும் தின்னியா?” என்று பிள்ளையைக் கேட்டாள்.

“இல்ல.”

“சோறு தின்ன புள்ளையத் தலைகீழாப் போட்டா சோறுதான் வரும்” என்று டாக்டர்களைப் பார்த்துச் சொன்னாள். “மொதல்ல கொழாய வெச்சுக் கேட்டுக்குங்க. நான் எடுத்த பொறவு மறுக்கா கேளுங்க. அப்பறம் எம்மேல பழி சொல்லாதீங்க.”

கேட்டார்கள். இடப்பக்க முதுகின் அடியில், சட்டியில் உப்பு பொரிகிற மாதிரிச் சத்தம். இளவயசு டாக்டர் ஒருவர் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

காவேரி பிள்ளையை இடப்பக்கம் மேலாக மூட்டையின்மேல் கிடத்தினாள். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். நூறு எண்ணும் நேரம் ஒன்றுமில்லை. கிருஷ்ணப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் குள்ளம்மாள் அடிவயிற்றிலிருந்து இருமினாள். கிண்ணத்தில் விழுந்தது, மறுபடி விழுந்தது, அரைக் கிண்ணத்துக்கு மேல் வந்தது. நாற்றத்தில் ஒரு டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மறுபடியும் குழாய் வைத்துக் கேட்டபோது அந்தப் பொரிகிற சத்தம் இல்லை.

கிருஷ்ணப்பன் தன் நோட்டைத் திறந்து, புதன்கிழமை எழுதிய ‘நெஞ்சு சுத்தம்’ என்பதைக் கோடு போட்டு அடித்தார்.

“புதன்கிழமை காலைல புள்ளைக்கு என்ன செஞ்ச?”

“இதையேதான் செஞ்சேன்.”

“ஏன் சொல்லல?”

“யாருங்க கேட்டீங்க?”

‘காலையில் பிள்ளைக்கு என்ன செய்தாய்’ என்ற கேள்வியை ஜானகியம்மாள் அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். “இந்த மாதிரி எத்தனை தாய்மார் செய்யறாங்க?” என்று கேட்டார்.

“தலைகீழாப் போடறது தெரியாதுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கு ஒருத்தியும் புள்ளைய இருமலோட கொண்டார மாட்டா. சர்க்கரைப்பாகு குடுப்பா, வாந்தி எடுக்க வெப்பா, மஞ்சளப் பூசிச் சூட்டுத் தழும்ப மறைப்பா. நீங்க என்ன எழுதுவீங்களோங்கிற பயந்தான்.”

மறுநாள் டாக்டர்களும் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார் ஜானகியம்மாள். முதல் ஆள் கிருஷ்ணப்பன். விரல்களை விறைப்பாக வைத்துக்கொண்டு அடித்தார்.

“அம்மா, இவரு அப்பளம் தட்டறாரு!” என்று தலைகீழாகத் தொங்கியபடியே குள்ளம்மாள் கத்தினாள்.

“கையக் குழிச்சுக்குங்க ஐயா, தண்ணி மொள்ற மாதிரி. டொப்புனு கேக்கணும். பளார்னு கேட்டா அது அடி.”

ஐந்தாறு தடவை தப்பாக வந்து, பிறகு சரியான சத்தம் வந்தது. கிண்ணத்திலும் விழுந்தது. அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. காவேரி அதையும் உடனே நம்பிவிடவில்லை. கிண்ணத்தை அவர் யந்திரத்துக்குக் கொண்டுபோகும்போது கூடவே போய், கதவருகே நின்று, வேறு கிண்ணத்தோடு மாறாமல் பார்த்துக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்த்து, “இப்ப நீ என்னைச் சந்தேகப்படறியா?” என்றார். “நீங்க மட்டுந்தான் படணுமா?” என்றாள்.

மூன்று நாளும் கிருமி இல்லை.

முடிவைக் காகிதத்தில் எழுதி, டாக்டர்களும் தாயும் ஒப்பமிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கைநாட்டு போதாது என்றார் கிருஷ்ணப்பன். “நாளைக்கு யாரோ கையைப் புடிச்சு உருட்டிட்டாங்கன்னு சொல்லுவ.”

“சொல்லுவேந்தான்” என்று காவேரி ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த பச்சியப்பனிடம், ஏதாவது காகிதம் வரத்தான் போகிறது என்று சொல்லி, தன் பெயரின் மூன்று எழுத்தையும் கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் எழுதி வாங்கியிருந்தாள். அதன் கீழே அவளே நூறு தடவைக்கு மேல் எழுதிப் பார்த்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை பச்சியப்பன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான். காகிதத்தை அவன் ஒரு தடவை படித்தான். “இன்னொருக்கா படிண்ணா” என்றாள் காவேரி. படித்தான்.

“கடைசில நாலு வரி வுட்டுட்டியே, அது என்ன?”

“அது இங்கிலீஷும்மா.”

காவேரி காகிதத்தை நகர்த்தி வைத்தாள். “தெரியாத எழுத்துக்குக் கீழ எம்பேரு வராது.”

“நோயோட பேரும் இனிமே என்ன செய்யணுங்கறதுந்தாம்மா” என்றார் கிருஷ்ணப்பன்.

“அப்ப அதையும் தமிழ்ல எழுதுங்க.”

கிருஷ்ணப்பன் இங்கிலீஷ் வரிகளை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினார். பச்சியப்பன் எழுத்துக் கூட்டாமல் உரக்கப் படித்தான்: “இடது நுரையீரலின் அடிப்பாகத்தில் மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் நோய். க்ஷயம் அல்ல. முழுக்கத் தீராது. தாய் தினம் இருவேளை சளி எடுத்து வர வேண்டும். பிள்ளை தாயிடமே இருக்கும்.”

“தீராதா?” என்றாள் காவேரி.

“தீராது. ஆனா நீ எடுக்கற வரைக்கும் ஏறாது” என்றார் ஜானகியம்மாள்.

காவேரி குள்ளம்மாளைப் பார்த்தாள். பிள்ளை கேழ்வரகு மூட்டையின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “கடைசி வரிய மட்டும் இன்னொருக்கா படிண்ணா.”

“பிள்ளை தாயிடமே இருக்கும்.”

கிருஷ்ணப்பன் தன் பேனாவை நீட்டினார். காவேரி முதலில் அதைத் தன் உள்ளங்கையில் கிழித்து மை வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். மை காயும்வரை காகிதத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. பக்கத்தில் தேதி போட வேண்டும் என்றார்கள். எண்கள் அவளுக்குத் தெரியாததால் பச்சியப்பன் போட்டான்: 1939 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.